உயர்தரத்தில் படித்ததைப் பல்கலைக்கழகக் கிரெடிட்டாக மாற்றுவது எப்படி? மலையக மாணவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வெளியானால் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பேச்சு ஒன்றுதான்: இசட் புள்ளி எவ்வளவு, இந்த முறை வெட்டுப்புள்ளி எங்கே நிற்கும்? நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் வரும் சலுகை, மாவட்ட ஒதுக்கீடு, மறுபடி எழுதுவதா வேண்டாமா என்று பேச்சு அதைச் சுற்றியே போகும். அதே பெறுபேறு சில நாடுகளின் பல்கலைக்கழகங்களில் முதலாம் ஆண்டுப் பாடங்கள் பலவற்றை முடித்ததற்குச் சமமாக எண்ணப்படலாம் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. வெளிநாடு போன பிறகு கேள்விப்பட்டு, “முன்னமே தெரிந்திருந்தால் ஒரு செமஸ்டர் கட்டணம் மிஞ்சியிருக்கும்” என்று வருந்துகிறவர்கள் உண்டு.

ஒரு பாடத்தை முடித்ததற்குப் பல்கலைக்கழகம் பட்டக் கணக்கில் சேர்க்கும் அலகைத்தான் கிரெடிட் என்கிறார்கள். அது தானாக வந்து சேராது. கேட்டால்தான் தருவார்கள், அதையும் உரிய தாள்களோடு, உரிய நேரத்தில் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் உயர்தரம் நுழைவுத் தகுதி மட்டுமே. மூன்று ஏ எடுத்திருந்தாலும் முதலாம் ஆண்டை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தியாவில் நம் உயர்தரம் அங்குள்ள பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. அதனால் அங்கேயும் கிரெடிட்டை எதிர்பார்க்க வேண்டாம். பிரித்தானியாவின் மூன்று வருடப் பட்டம் உயர்தர அளவிலான படிப்பை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு அமைக்கப்பட்டது. அங்கேயும் தனியாகக் கிரெடிட் கிடைப்பது அரிது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் நிலைமை வேறு. அங்கே பள்ளிப் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிகிறது, நாம் பதின்மூன்றாம் ஆண்டு வரை படிக்கிறோம். உயர்தர இரசாயனவியல், இணைந்த கணிதம் ஆகியவற்றில் நாம் படிக்கும் அலகுகள் பலவற்றை அவர்கள் பல்கலைக்கழக முதலாம் ஆண்டில்தான் நடத்துகிறார்கள். ஒரே பாடத்தைக் காசு கட்டி இரண்டாம் முறை ஏன் படிக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கையின் அடிப்படை, அது நியாயமான கோரிக்கையும்கூட. பிரித்தானிய ஏ லெவல் பெறுபேற்றுக்கு அங்கே பல பல்கலைக்கழகங்கள் நீண்ட காலமாகவே கிரெடிட் கொடுத்து வருகின்றன.

அமெரிக்க இளமாணிப் பட்டம் ஒன்றுக்கு வழக்கமாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும், அதாவது வருடத்துக்குச் சுமார் 30. ஏ லெவலில் நன்றாகச் சித்தியடைந்த ஒரு பாடத்துக்கு 6 முதல் 8 கிரெடிட் வரை கொடுப்பது பரவலான வழக்கம். மூன்று பாடத்துக்கும் கிடைத்தால் 18 முதல் 24 வரை வரும். 24 என்பது பட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பல்கலைக்கழக இணையத்தளத்தில் ‘ஜீ.சீ.ஈ. ஏ லெவல்’ என்று கண்டதும் அது நமக்கும் பொருந்தும் என்று முடிவு கட்ட வேண்டாம். சில இடங்களில் அது கேம்பிரிட்ஜ், எடெக்செல் போன்ற பிரித்தானியப் பரீட்சைகளை மட்டும் குறிக்கும். வேறு சில இடங்கள் இலங்கை உயர்தரத்தையும் ஏற்கும், ஆனால் பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகுதான் தீர்மானிக்கும். நம் சிங்கள, தமிழ் மொழிமூலப் பரீட்சையை நுழைவுத் தகுதியாக மட்டும் பார்க்கும் இடங்களும் உண்டு. இந்த வேறுபாடு இணையப் பக்கத்தில் தெளிவாக இருக்காது, எழுதித்தான் கேட்க வேண்டும்.

படி 1: பெயரைச் சரிசெய்யுங்கள்

கிரெடிட் பற்றிப் பேசும்போது பெயர் எதற்கு என்று தோன்றலாம். தோட்டப்புறப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் சிக்கி நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால்தான் முதல் படியாக வைக்கிறேன்.

பிறப்புப் பதிவு ஒரு மொழியில் இருக்கும். பாடசாலையில் சேர்த்தபோது ஆசிரியர் காதால் கேட்டதை எழுதியிருப்பார். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது வேறொருவர் ஆங்கிலத்தில் நிரப்பியிருப்பார். விஜயகுமார் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனால் ‘வி’ என்ற எழுத்தில் தொடங்கும், சிங்களப் பதிவிலிருந்து போனால் ‘டபிள்யூ’வில் தொடங்கும். தகப்பன் பெயர் ஒரு தாளில் முழுதாகவும் இன்னொன்றில் முதலெழுத்தாகவும் நிற்கும். நமக்கு அது ஒரே ஆள்தான். மூவாயிரம் விண்ணப்பங்களைக் கணினியில் பொருத்திப் பார்க்கும் வெளிநாட்டு அலுவலருக்கோ அது இரண்டு ஆட்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள், கடவுச்சீட்டு எடுத்திருந்தால் அதுவும், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதுங்கள். வேறுபாடு இருந்தால், எல்லா வடிவமும் ஒரே ஆளையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். ஆகவே பதின்மூன்றாம் ஆண்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள், பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டாம். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லையென்றால், பரீட்சைச் சான்றிதழில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலோடு பொருந்துமாறு விண்ணப்பிப்பது பின்னால் நிறையத் தொல்லையைக் குறைக்கும்.

படி 2: சான்றிதழ்களைப் பெறுதல்

பாடசாலையில் கிடைக்கும் பெறுபேற்றுத் தாளும் இணையத்தில் எடுக்கும் அச்சுப் பிரதியும் இதற்குப் போதாது. பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களம் வழங்கும் ஆங்கிலப் பெறுபேற்றுச் சான்றிதழ் வேண்டும். இதற்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். பொகவந்தலாவையிலிருந்தோ பசறையிலிருந்தோ ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

பல பல்கலைக்கழகங்கள் சான்றிதழ் திணைக்களத்திலிருந்து நேரடியாக வர வேண்டும் என்று கேட்கும். அப்படியானால் விண்ணப்பத்திலேயே பல்கலைக்கழகத்தின் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். முத்திரையிட்ட உறை உங்கள் கைக்கு வந்தால் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம், திறந்த உறையை ஏற்க மாட்டார்கள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள மற்ற ஆவணங்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலமாக்க வேண்டும். வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சி தேவைப்பட்டால், கண்டியிலுள்ள அமைச்சின் வட்டார அலுவலகத்தை முதலில் விசாரியுங்கள்.

படி 3: பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள்

தமிழ் மொழிமூலத்தில் படித்தவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. கிரெடிட் மதிப்பிடுகிறவர் ஒரு துறையின் பேராசிரியராகவோ பதிவாளர் அலுவலக ஊழியராகவோ இருப்பார். ‘இணைந்த கணிதம் – பி’ என்று மட்டும் பார்த்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. என்னென்ன அலகுகள், எத்தனை பாடவேளைகள் என்று காட்ட வேண்டும்.

மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் உயர்தரப் பாடத்திட்டங்களையும் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. நீங்கள் தமிழில் படித்திருந்தாலும் பாடத்திட்டம் எல்லா மொழிமூலத்துக்கும் ஒன்றே. ஆகவே அதே பாடத்தின் ஆங்கிலப் பிரதியைப் பதிவிறக்கினால் மொழிபெயர்ப்புச் செலவே இல்லை. நீங்கள் பரீட்சை எழுதிய வருடத்துக்குரிய பாடத்திட்டம்தானா என்று பாருங்கள். 2017இல் தரம் 12இற்கு வந்த திருத்திய பாடத்திட்டத்துக்கு 2019இல்தான் முதல் பரீட்சை நடந்தது.

அடுத்து, நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் பாட விவரங்களைத் திறந்துவைத்து இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். இணைந்த கணிதத்தை உதாரணமாகக் காட்டுகிறேன். இடப்பக்கத்தில் எல்லைகள், வகையீடு, வகையீட்டின் பிரயோகங்கள், தொகையீடு என்று நம் அலகுகளையும் ஒவ்வொன்றுக்கும் பாடத்திட்டம் குறிப்பிடும் பாடவேளைகளையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அவர்களுடைய ‘கல்குலஸ் 1’ பாடத்தின் தலைப்புகளை எழுதுங்கள். பெரும்பகுதி ஒன்றுக்கொன்று நேராக நிற்பதைக் கண்ணால் காணலாம். ‘கல்குலஸ் 2’இல் வரும் தொடர்கள் போன்ற சிலவற்றுக்கு இடப்பக்கம் வெறுமையாக நிற்கலாம். அதை மறைக்க வேண்டாம். முதல் பாடத்துக்குக் கிரெடிட் கேளுங்கள், இரண்டாவதில் நேரடியாகச் சேர அனுமதி கேளுங்கள். இடைவெளியை நீங்களே காட்டினால் மீதிக் கோரிக்கையையும் நம்பி வாசிப்பார்கள்.

மற்றப் பாடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரசாயனவியல் பொது இரசாயனவியலின் இரண்டு செமஸ்டரோடும் ஓரளவு பொருந்தும். பௌதிகவியலில் நாம் நுண்கணிதத்தை அதிகம் பயன்படுத்துவதில்லை. அதனால் பொறியியல் மாணவருக்கான பௌதிகவியலைவிட, அட்சரகணித அடிப்படையிலான பாடத்துக்கே கிரெடிட் கேட்பது நல்லது. பொருளியல் நுண்பொருளியல், பேரினப் பொருளியல் அறிமுகப் பாடங்களோடும், கணக்கீடு நிதிக் கணக்கீட்டு அறிமுகத்தோடும் ஒத்துப்போகும். கலைப்பிரிவில் வரலாறு, புவியியல், அளவையியல் ஆகியவற்றுக்கு அதே பெயரில் பாடம் கிடைக்காவிட்டாலும் ‘விருப்பப் பாடக் கிரெடிட்’ கிடைக்க வாய்ப்பு உண்டு. அதுவும் 120இல் சேரும்.

தமிழ் மொழிமூல மாணவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்நிய மொழி ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும். ஆங்கிலம் அல்லாத மொழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. தமிழில் படித்தது குறை என்று நினைத்துக் கூசுகிற பிள்ளைகள் இந்த விலக்கைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

படி 4: ஆய்வுகூட ஆதாரம்

விஞ்ஞானப் பிரிவினருக்கு மட்டும். ஆய்வுகூட வேலை செய்ததற்கு ஆதாரம் இல்லையென்றால் விரிவுரைப் பகுதிக்கு மட்டும் கிரெடிட் கொடுத்து ஆய்வுகூடப் பகுதியை மறுக்கலாம். உங்கள் செய்முறைப் பதிவேட்டை பரீட்சை முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஆசிரியரின் கையொப்பமும் திகதியும் உள்ள பக்கங்களை ஸ்கேன் செய்யுங்கள். செய்த பரிசோதனைகளின் பட்டியலோடு அதிபரிடம் பாடசாலைக் கடிதத்தாளில் ஓர் ஆங்கிலக் கடிதம் வாங்குங்கள். ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலைகள் நம் பகுதியில் நிறைய இருக்கின்றன, இது வருத்தமான உண்மை. செய்யாததைச் செய்ததாக எழுத வைக்க வேண்டாம். செய்த பத்துப் பரிசோதனைக்கு உண்மையான சான்று இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

படி 5: விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்

பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பிரிவுக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஆங்கிலத்தில் சிறிய மின்னஞ்சல் ஒன்று எழுதுங்கள். உங்கள் கதையை நீட்டி எழுதத் தேவையில்லை, நான்கு கேள்விகள் போதும். இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் நடத்தும் உயர்தரப் பரீட்சைக்குக் கிரெடிட் கொடுக்கிறீர்களா? எந்தப் பெறுபேற்றிலிருந்து? பாடத்திட்டத்தை நேரடியாக உங்களுக்கே அனுப்பலாமா, அல்லது வெளி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றின் அறிக்கை வேண்டுமா? கிரெடிட் பெற்றாலும் முதலாம் ஆண்டு மாணவருக்கான புலமைப்பரிசிலுக்கு நான் தகுதியுள்ளவராகவே இருப்பேனா?

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில் முக்கியம். ஏ, பி, சி வரைதான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். எஸ் சித்திக்குக் கிரெடிட் கிடைப்பது கடினம். மூன்றாவது கேள்விக்கு ‘அறிக்கை வேண்டும்’ என்று பதில் வந்தால், அவர்கள் எந்த நிறுவனத்தை ஏற்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். வெஸ் என்று அழைக்கப்படும் உலகக் கல்விச் சேவை போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. பாடவாரியான அறிக்கை பொது அறிக்கையைவிட விலை கூடியது. கிரெடிட்டுக்குப் பாடவாரியானதுதான் பயன்படும்.

நான்காவது கேள்வியின் பாரத்தைப் பலர் உணர்வதில்லை. பாடசாலையில் படிக்கும்போது பெற்ற தகுதிக்குக் கிரெடிட் வாங்கினால் நீங்கள் வழக்கமாக முதலாம் ஆண்டு விண்ணப்பதாரராகவே கொள்ளப்படுவீர்கள். பாடசாலையை விட்ட பிறகு உள்ளூர் பல்கலைக்கழகத்திலோ தனியார் கம்பஸிலோ பட்டப்படிப்பில் சேர்ந்து சில பாடங்களை முடித்தால் பல இடங்களில் ‘மாற்றல் மாணவர்’ ஆகிவிடுவீர்கள். பெரிய நிதியுதவிகள் பலவும் முதலாம் ஆண்டு மாணவருக்கே ஒதுக்கப்பட்டவை. தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு முழு நிதியுதவி இல்லாமல் அமெரிக்கா எட்டாது. பத்துக் கிரெடிட்டுக்கு ஆசைப்பட்டு அந்த வாய்ப்பை இழக்காதீர்கள். பெறுபேறு வரும் வரை சும்மா இருக்கக்கூடாதே என்று எதிலாவது சேர்வதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள்.

பாடசாலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய வேறு வழிகள்

அமெரிக்காவின் கொலேஜ் போர்ட் என்ற அமைப்பு நடத்தும் ஏ.பி. பரீட்சைகள் (பள்ளி மாணவர் எழுதும் பல்கலைக்கழக அறிமுக மட்டப் பரீட்சைகள்) ஒவ்வொரு மே மாதமும் நடக்கின்றன. புள்ளி 1 முதல் 5 வரை, பல இடங்களில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கிரெடிட் கிடைக்கும், போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கும். வகுப்பில் சேராமல் தானாகப் படித்தும் எழுதலாம், ஆனால் வெளி மாணவரை ஏற்கும் நிலையம் ஒன்றை நாமே முந்திய வருடத்தின் செப்டெம்பருக்குள் தேடிப் பிடிக்க வேண்டும். படித்ததைக் காட்டிக் கிரெடிட் பெறுவதற்கான அதே அமைப்பின் கிளெப் பரீட்சையில் அளவுகோல் 20 முதல் 80 வரை, 50 எடுத்தால் கிரெடிட் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் கல்விச் சபையின் பரிந்துரை.

என் கருத்தைக் கேட்டால், உள்ளூர் உயர்தரத்துக்குத் தயாராகும் மாணவர் இவற்றின் பின்னால் ஓட வேண்டாம். கட்டணம் டொலரில், நிலையம் தூரத்தில், பாடம் ஏறத்தாழ நாம் படிப்பதேதான். அந்த நேரத்தையும் பணத்தையும் உயர்தரத்தில் ஒரு பியை ஏயாக்கவும் ஆங்கிலத்தைப் பலப்படுத்தவும் போட்டால் இரட்டைப் பலன். இலங்கை உயர்தரத்துக்குக் கிரெடிட் இல்லை என்று உங்கள் இலக்குப் பல்கலைக்கழகம் எழுத்தில் சொன்னால் மட்டும் ஏ.பி.யில் ஒரு பாடத்தை யோசிக்கலாம்.

தொழிற்கல்விப் பிரிவில் படிப்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு. நாட்டுக்குள்ளேயே படித்த படிப்பு வீணாகாமல் ஏறிச் செல்லும் ஏணி ஒன்று இருக்கிறது. நம் பெற்றோர் அதைக் கண்டுகொள்வதில்லை, எனக்கு அதில் கவலை அதிகம்.

2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் தொழிற்கல்விப் பிரிவில் தரம் 12இல் சேரலாம். முடிக்கும்போது இலக்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டம். தேசியத் தகைமைச் சட்டகத்தில் அது உயர்தரத்தோடு ஒரே படியில் வைக்கப்பட்டிருக்கிறது. ஐந்தாம் மட்டம் டிப்ளோமா, ஆறாம் மட்டம் உயர் டிப்ளோமா, ஏழாம் மட்டம் பட்டம். கண்டியிலும் பதுளையிலும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளில் டிப்ளோமா மட்டத்துக்குப் படிக்கலாம். அங்கிருந்து இரத்மலானையிலுள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை வழி இருக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்தப் பல்கலைக்கழகம் இந்த வழியில் வருகிறவர்களுக்காகவே அமைக்கப்பட்டது.

வேலை செய்துகொண்டே கற்றவருக்கும் கதவு மூடியில்லை. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் ‘முன் கற்றலை அங்கீகரித்தல்’ என்ற முறை உண்டு. நானுஓயாவில் ஒரு கராஜில் சில வருடம் வேலை பழகிய தம்பி, திறனை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி என்.வி.கியூ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், சம்பளத் துண்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தை நாடுபவர்கள் பொல்கொல்லையிலுள்ள கண்டிப் பிராந்திய நிலையத்தில் விசாரிக்கலாம். முன்பு பெற்ற டிப்ளோமா அல்லது சான்றிதழ் இருந்தால், பதிவு செய்யும்போதே ‘பாடவிலக்கு உண்டா’ என்று கேளுங்கள். பதிவு முடிந்து கட்டணம் கட்டிய பின் கேட்பதால் பயன் குறைவு.

படி 6: கிடைத்ததை எல்லாம் எடுக்க வேண்டுமா?

வெளிநாட்டு அனுமதி கிடைத்து, கிரெடிட்டும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் பொறுமை காக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் பல, அடிப்படை விஞ்ஞானப் பாடங்களைப் பல்கலைக்கழகத்திலேயே படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. தமிழ் மொழிமூலத்திலிருந்து போகிறவர்கள் முதல் செமஸ்டரில் இரசாயனவியல் போன்ற தெரிந்த பாடம் ஒன்றை வேண்டுமென்றே எடுப்பதிலும் தவறில்லை. பாடம் தெரிந்திருப்பதால் ஆங்கில விரிவுரைக்குக் காது பழகும், புள்ளியும் நன்றாக வரும். கணிதத்திலோ அடித்தளம் உறுதியாக இருந்தால் தயங்காமல் அடுத்த பாடத்துக்குப் போங்கள்.

மாணவர் வீசாவில் இருப்பவர் இளமாணிப் படிப்பில் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும் என்பதால், பெற்ற கிரெடிட்டை வைத்து அதற்குக் கீழே குறைத்துக்கொள்ள முடியாது. நிதியுதவி எட்டு செமஸ்டருக்கு உறுதியாக இருந்தால், சீக்கிரம் முடிப்பதைவிட இரண்டாவது பிரதான பாடம் ஒன்றைச் சேர்ப்பது பயன் தரும். சொந்தப் பணத்தில் படிப்பவர் ஒரு செமஸ்டர் முன்னால் முடித்தால் குடும்பத்தின் கடன் அந்த அளவுக்குக் குறையும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று பாட ஆலோசகரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள்.

தீர்மானத்தை எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே இணைய மாணவர் கணக்கில் பட்டத் தேவைப் பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு கிரெடிட்டும் எந்தத் தேவையின் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘விருப்பப் பாடம்’ என்று விழுந்திருந்தால், படி 3இல் தயாரித்த அட்டவணையோடு துறைத் தலைவரிடம் போய் மீள்பரிசீலனை கேட்கலாம். ஏற்கெனவே கிரெடிட் கிடைத்த பாடத்திலேயே ஆலோசகர் தெரியாமல் உங்களைப் பதிந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். அதே பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய கிரெடிட்டை நீக்கிவிடும் விதி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. பாடம் சேர்க்கவும் விலக்கவும் கொடுக்கும் காலம் முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குள் முடிந்துவிடும், அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள்.